முழுக்கோடும் புள்ளிக்கோடும்

எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்துவது என்று முடிவானபோது, கோயிலை ஒட்டிக் கட்டிய புது மண்டபத்தின் உட்சுவரில் பங்காளிகள் எல்லாரையும் காட்டும் வம்சப் படம் ஒன்றை வைப்பது என்றும் முடிவானது. அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, சின்னமனூருக்குத் திரும்பி வந்தவன் நான். வராதவன் தலையில் வேலையைக் கட்டிவிட்டார்கள். பத்திரிகையில் இருந்தவன் போட்டால் பிழை வராது என்று பேசிக்கொண்டார்களாம்.

படம் வெறும் அலங்காரத்துக்கு அல்ல. பங்காளிகள் என்றால் ஒரே ஆண் வழியில் வந்தவர்கள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எல்லா வீட்டுக்கும் தீட்டு. கம்பம் பள்ளத்தாக்கைவிட்டு வெளியே போகாத காலத்தில் யார் யாருக்கு யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இப்போது பாதிக் குடும்பங்கள் திருப்பூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. கோவையில் ஒரே கல்லூரியில் படித்த பையனும் பெண்ணும் பழகி, வீட்டில் சொன்ன பிறகுதான் இருவரும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள், அண்ணன் தங்கை முறை என்று தெரியவந்தது. அந்தச் சங்கடத்துக்குப் பிறகுதான் படம் பற்றிய பேச்சே எழுந்தது.

ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. போன தலைமுறையில் ஒருவர் பெரிய தாளில் மையால் வரைந்தது. கோயில் கமிட்டிச் செயலாளர் அதைச் சுருட்டித் தன் உரக்கடையில் வைத்திருந்தார். எனக்குத் தம்பி முறை. அந்தத் தாளை விரித்துப் பார்த்தபோது, வரைந்தவர் ஒழுங்கான மனிதர் என்று தெரிந்தது. ஆளுக்கு ஒரு கட்டம். தகப்பனிலிருந்து பிள்ளைக்கு ஒரு முழுக்கோடு. பெண்களை அவர் போடவில்லை. எங்கள் தாத்தாக்கள் காலத்தில், பிள்ளையில்லாத அண்ணன் ஒருவர் தம்பி மகனைத் தத்தெடுத்திருக்கிறார். அந்த மகனின் கட்டத்துக்கு மேலிருந்து இரண்டு கோடுகள் இறங்கின. பெற்ற தகப்பனிடமிருந்து முழுக்கோடு, தத்தெடுத்தவரிடமிருந்து புள்ளிக்கோடு. அப்படித் தத்துப் போனவரின் பேரன்தான் செயலாளர்.

இந்த முறை பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று இளைய தலைமுறை கேட்டது, பெரியவர்கள் மறுக்கவில்லை. மற்றபடி பழைய தாளின் முறையையே பின்பற்றுவது என்று தீர்மானித்தேன். செய்திப் பிரிவில் முதலில் பழக்குவதே இதைத்தான்: ஒரு பக்கத்தில் ஒரு நடைதான் இருக்க வேண்டும். மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி என்றால் வாசகன் நம்மை நம்ப மாட்டான்.

என் கூடப்பிறந்த தம்பிக்குக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். அவனுக்கும் அவன் மனைவிக்கும் குழந்தை பிறக்கவில்லை. பல ஆண்டுகள் மருத்துவமனைகளுக்கு அலைந்த பிறகு, வேறு மாவட்டத்திலிருந்த ஓர் இல்லத்தில் முறைப்படி விண்ணப்பித்து, கைக்குழந்தையாக ஒரு பெண்ணை எடுத்துவந்தார்கள். பெற்றவர்கள் யார் என்பது இல்லத்துக்கே தெரியாது. யாரும் எதையும் மறைக்கவில்லை. மறைக்கும் அளவுக்கு எதுவும் தெரியாது. ஊருக்கு அவள் தத்துப்பிள்ளை என்று தெரியும். அவளுக்கும் விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். தம்பி மனைவியே அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். வெளியார் வாயிலிருந்து முதலில் கேட்கக்கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

அந்தப் பெண்ணை இப்போது போடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கேயே ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்குப் பார்க்கிறாள். படத்து வேலை நடந்துகொண்டிருந்தபோது அவள் கர்ப்பமாக இருந்தாள். பரிசோதனை தேனியில். ஒவ்வொரு தடவையும் அவள் அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய்த் துணைக்கு நிற்பாள்.

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், சொன்னது ஒத்துப்போனது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் விடுப்பில் இருந்ததால் அன்று வேறொரு பெண் டாக்டர். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டிருக்கிறார். மகள் வாயைத் திறக்கும் முன்பே அம்மா பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். தனக்குச் சர்க்கரை, தன் அம்மாவுக்கும் இருந்தது, தன் அண்ணனுக்கு இருதயத்தில் அடைப்பு, சித்தி ஒருத்திக்குத் தைராய்டு. டாக்டர் ஒவ்வொருவரையும், பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று வரைந்துகொண்டே வந்திருக்கிறார். முடித்துவிட்டு, "அப்ப உங்களுக்கும் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள்தான், "டாக்டர், என்னை இவுக தத்தெடுத்து வளத்தாக" என்று சொன்னாள். அம்மா, "ஆமா, அதை விட்டுட்டேன்" என்றாளாம்.

அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து எல்லா டாக்டர்களுக்கும் பதில் சொன்னவள் அவள்தான். அன்றும் அந்தப் பழக்கத்தில் சொன்னாள்.

டாக்டர் வரைந்ததை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். மகளுக்கு ஒரு வட்டம், இரண்டு பக்கமும் அடைப்புக்குறி. மேலே ஒரு சதுரம், ஒரு வட்டம். இரண்டின் உள்ளேயும் கேள்விக்குறி. அங்கிருந்து மகளுக்கு ஒரு முழுக்கோடு. பக்கத்தில் இன்னொரு சதுரமும் வட்டமும். அது என் தம்பியும் அவன் மனைவியும். அங்கிருந்து விட்டுவிட்டுப் போட்ட கோடு. தத்துப்பிள்ளைகளுக்கு இப்படித்தான் வரைவது என்று சொல்லிவிட்டு, சர்க்கரைக்கு எப்படியும் எல்லாருக்கும் பார்ப்போம் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார். மகள் போனில் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டாள். அன்று ஊருக்கு வருவதாக இருந்ததால் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். உத்தமபாளையம் வந்த பிறகுதான் அம்மா, பசிக்கிறதா என்று கேட்டாள்.

அந்த வாரத்திலேயே மகள் சின்னமனூரில் என் வீட்டுக்கு வந்தாள். கணினியில் படம் திறந்திருந்தது.

"கோயில் படத்துல என்னை எப்படிப் போட்டிருக்கீக பெரியப்பா?"

காட்டினேன். என் தம்பி, மனைவி, கீழே ஒரு முழுக்கோடு, அவள் கட்டம், பக்கத்தில் அவள் கணவர், போடி. அவளைத் தத்து என்று நான் குறிக்கவில்லை. பழைய தாளில் இருந்தது பங்காளிக்குள் நடந்த தத்து. இது வேறு என்று விட்டிருந்தேன். அவள் போனை எடுத்து டாக்டர் வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இப்படிப் போடுங்க."

எதற்கு என்று கேட்டேன். கேட்காமல் எதையும் அச்சுக்கு அனுப்பிப் பழக்கமில்லை.

"எனக்கு மேல ரெண்டு பேரு இருக்காகன்னு ஒருத்தரு எழுதிக் காட்டுனது அன்னைக்குத்தான் பெரியப்பா. அந்த டாக்டரம்மா ஒண்ணும் பெருசா நெனைக்கல. கோடு போட்டாக, குறி போட்டாக, போயிட்டாக. எனக்கு என்னமோ நிம்மதியா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "என் பிள்ளை பெருசாகி அந்தச் சுவத்தைப் பாக்கும். அதுக்கு நான் ஒண்ணு சொல்லி, சுவரு வேற ஒண்ணு சொல்லக்கூடாது."

அம்மாவிடம் சொன்னாயா என்றேன். அப்பாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள் என்றாள். அவள் எதிரிலேயே தம்பிக்குப் போன் செய்தேன். தோட்டத்தில் திராட்சைக் கொடிகளைக் கழிக்கும் கவாத்து வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆட்களிடம் ஏதோ கத்திவிட்டு, "அவ கேட்டாப் போட்டுருங்கண்ணே" என்றான். வீட்டில் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். கவாத்து முடியட்டும் என்று அவன் தள்ளிப்போட்டது பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் போட்ட கேள்விக்குறியை மட்டும் நான் விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டால், இது சரிதானா என்று விசாரி என்று பொருள். "பெயர் தெரியவில்லை" என்று எழுதிப் பார்த்தேன். ரயில் பாதையோரம் கிடந்த உடலைப் பற்றி நாங்கள் எழுதும் வார்த்தை அது. அழித்தேன். இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, பழைய தாளின் முறைப்படி அங்கிருந்து முழுக்கோடும், தம்பி வீட்டிலிருந்து புள்ளிக்கோடும் இழுத்துச் செயலாளருக்கு அனுப்பினேன்.

அவர் அதைப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே, கோயில் அழைப்பிதழ்களுக்குப் போடும் பழக்கத்தில், "விடுபட்ட பெயர்கள் இருந்தால் உடனே தெரிவிக்கவும்" என்று ஒரு வரியும் சேர்த்தார்.

விடுபட்டது தெரிவிக்கப்பட்டது. முதலில் கூப்பிட்டது திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். தம்பி மகள் கட்டத்துக்கு மேலே இரண்டு இடம் அச்சாகவில்லை, எழுத்துரு பிரச்சினையாக இருக்கும் என்றார். இன்னொருவர், அங்கேயும் தம்பி பெயரையும் மனைவி பெயரையுமே எழுதிவிடலாமே, எதற்கு வெறுமையாகக் கிடக்க வேண்டும் என்றார். கம்பத்திலிருந்து ஒருவர், கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு எதற்கு இத்தனை கட்டம், சுவரில் இடம் எங்கே இருக்கிறது என்றார். விளக்கம் சொன்னேன். எல்லாரும், "சரிதான், சரிதான்" என்று போனை வைத்துவிட்டார்கள்.

எங்களில் மூத்தவர் ஒருவர் நேரில் வந்தார். படத்தில் இறந்தவர்களின் கட்டத்தில் ஒரு சின்ன தீபம் போட்டிருந்தேன். அதைச் சுட்டிக்காட்டி, "இந்த ரெண்டு பேருக்கும் தீபம் இல்லையே, உசுரோட இருக்காகளா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் யோசித்தார். "நாளைக்கு அவுக செத்தா நமக்குத் தீட்டு உண்டா?" வேடிக்கைக்குக் கேட்கவில்லை. சுவரில் கட்டம் இருந்தால் அவர் கணக்கில் உறவு, உறவு என்றால் தீட்டு. சேதி வர வழியில்லாத சாவுக்கு எப்படித் தீட்டுக் காப்பது என்றேன். அது சரி என்று காபி குடித்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. அடுத்து வந்தது அப்படியல்ல. பங்காளி ஒருவர், தன் பெயர் வெளியே வரக்கூடாது என்பதுபோன்ற குரலில், அந்தப் பெண்ணின் மூக்கும் நெற்றியும் நம் பங்காளிகளில் இன்ன வீட்டைப்போலவே இருக்கிறது, அந்த வீட்டுப் பையன் அந்தக் காலத்தில் அந்த மாவட்டத்தில்தான் லாரி ஓட்டினான், யோசித்துப் பாருங்கள் என்றார். ஒரு முகத்தைப் பார்த்துச் செய்தி எழுத முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் அதோடு நிற்கவில்லை. உத்தமபாளையத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பேச்சு சுற்றி, என் தம்பி மனைவி காதில் விழுந்தது. படத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது என்பதே அவளுக்கு அங்கேதான் தெரிந்தது.

மறுநாள் காலை தம்பி, அவன் மனைவி, ஊருக்கு வந்திருந்த மகள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி வாசலிலேயே செருப்பைக் கழற்றுவதில் நேரம் கடத்தினான். மகள், அம்மா முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதுபோல, எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தம்பி மனைவி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, அந்தக் கட்டம் ரெண்டும் சும்மா கெடக்குறதாலதான் ஆளாளுக்கு அதுல ஒருத்தரைக் குடி வைக்கிறாக."

அவள் சொன்னது சரி. எந்தப் பக்கத்திலும் வெறுமையாக விட்ட இடத்தை வாசகன் தானே நிரப்பிக்கொள்வான். எடுத்துவிடச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

"சும்மா கெடக்கலம்மா" என்றாள். "அதுல ரெண்டு பேரு இருக்காக. பேருதான் தெரியாது."

"எனக்குத் தெரியாதா? உன்கிட்ட அதைச் சொன்னதே யாரு?"

"பெறகென்ன?"

"பெறகு என்னவா? அதை நான் சொன்னேன். எனக்கு நீ சொல்லல. பந்தியில மோருக்குக் கையேந்திக்கிட்டு இருக்கேன், எவளோ வந்து கேக்குறா."

தம்பி, கவாத்து என்று ஆரம்பித்தான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவனைப் பார்த்தார்கள். நிறுத்திக்கொண்டான்.

தம்பி மனைவி எழுந்து கணினிக்குப் பக்கத்தில் வந்தாள். படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். விரலைத் திரையில் படாமல் வைத்து, வெறும் கட்டங்களிலிருந்து இறங்கும் கோட்டை மேலிருந்து கீழே ஒருமுறை தொடர்ந்தாள். பிறகு தன் கட்டத்திலிருந்து இறங்கும் கோட்டைத் தொடர்ந்தாள்.

"கட்டம் இருந்துட்டுப் போகுது மாமா. அவுக இல்லாம இவ வந்துருவாளா? ஆனா ஊரு பேரு தெரியாதவுகளுக்கு முழுக்கோடு. எனக்குப் புள்ளிக்கோடு. ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் போட்டாக. அங்கன அது நோய் பாக்குறதுக்கு, சரின்னு வந்துட்டேன். கோயில்லயுமா?"

அந்தக் கோடுகளை இழுத்தவன் நான். பழைய தாளைப் பார்த்தேன், டாக்டரின் தாளைப் பார்த்தேன்; இரண்டும் ஒத்துப்போனதால் மேற்கொண்டு எதுவும் யோசிக்கவில்லை. மகளின் முகத்தில்தான் முதலில் மாற்றம் தெரிந்தது. அவளும் இத்தனை நாள் கட்டங்களைத்தான் பார்த்திருக்கிறாள், கோடுகளைப் பார்க்கவில்லை.

"மாத்திப் போட்டுருங்க பெரியப்பா" என்றாள் உடனே. "அம்மாவுக்கு முழுசு. அவுகளுக்குப் புள்ளி."

மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அதே படத்தில் இரண்டு தலைமுறைக்கு மேலே செயலாளரின் தாத்தா இருந்தார். அங்கே பெற்றவருக்கு முழுக்கோடு, எடுத்தவருக்குப் புள்ளி. ஒரே சுவரில் ஒரு தத்துக்கு ஒரு முறை, இன்னொரு தத்துக்கு வேறு முறை என்றால், பார்ப்பவன் ஏன் என்று கேட்பான். நான் அதைச் சொன்னதும் தம்பி மனைவி, "அப்ப அவரையும் கூப்புடுங்க" என்றாள். உரக்கடை பக்கத்துத் தெருதான். செயலாளர் வேட்டியில் யூரியா வாசனையோடு வந்தார்.

அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் தாத்தாவின் கோடுகளையும் மாற்றச் சம்மதமா என்று கேட்டேன். அவர் ஒப்பவில்லை.

"அதெப்படிண்ணே. தாத்தாவைப் பெத்தவருக்குப் புள்ளி வச்சா அந்த வீட்டுக்காரக என்னைக் கோயிலுக்குள்ள விடமாட்டாக. வருசா வருசம் அவுகளோட சேந்துதான் பொங்கல் வைக்கிறோம்."

"எடுத்து வளத்தவருக்குப் புள்ளி வச்சிருக்கே, அது பரவாயில்லையா கொழுந்தனாரே?" என்றாள் தம்பி மனைவி.

"அதுக்கு யாரும் இதுவரைக்கும் கேக்கல மதினி."

"நான் கேக்குறேன்ல."

செயலாளர் சிரித்தார். பிறகு பழைய தாளை மறுபடி பார்த்தார். அந்தத் தாளை எத்தனையோ தடவை விரித்துச் சுருட்டியவர் அவர். தாத்தா காலையில் ஒரு வீட்டில் கஞ்சி குடித்தால் சாயங்காலம் இன்னொரு வீட்டில் குடிப்பாராம். இரண்டு வீட்டிலும் அவர் செத்ததற்கு மொட்டை போட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு, ஏதோ மூட்டை கணக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "ரெண்டையும் முழுக்கோடாப் போட்டுருங்கண்ணே. என்ன கெட்டுப்போச்சு?"

நான் யோசித்தேன். எது பெற்ற வழி, எது வளர்த்த வழி என்று பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கவலை அங்கிருந்த ஐந்து பேரில் எனக்கு மட்டும்தான் இருந்தது.

"கட்டத்துல எழுதிட்டாப் போச்சு" என்றாள் மகள்.

அப்படியே செய்தோம். செயலாளரின் தாத்தாவுக்கு மேலே இரண்டு முழுக்கோடுகள். ஒரு கட்டத்தில் பெயருக்குக் கீழே "பெற்றவர்", இன்னொன்றில் "வளர்த்தவர்". தம்பி மகளுக்கும் அதேபோல. பெயர் இல்லாத கட்டங்களில் என்ன எழுதுவது என்று மகள் என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்லும் முன் அவள் அம்மா சொன்னாள்: "பெத்த அம்மா, பெத்த அப்பா. அவ்வளவுதான். வெறுசா விடாதீக. எழுத்து இருந்தா எவனும் அதுல ஏறி உக்கார மாட்டான்."

தட்டெழுதிக்கொண்டிருக்கும்போது பெரியவர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. தீபம் போடுவதா வேண்டாமா என்று கேட்டேன். மகள் அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மாவுக்கும் அதில் யோசிக்க வேண்டியிருந்தது.

"இவளுக்கு என்ன வயசு? இவளைப் பெத்தவளுக்கு அப்ப சின்ன வயசாத்தான் இருந்திருக்கும். என்னைவிடச் சின்னவளா இருப்பா" என்றாள். "வேண்டாம் மாமா. இருக்கட்டும்."

மகள் அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், அதிக நேரம் இல்லை. அவள் அம்மா அவளைத் தேற்றவில்லை. முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, "கிளம்பு ஆத்தா, பஸ்ஸு போயிரும்" என்றாள். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தெருவில் நின்றான்.

மூக்கைப் பற்றிப் பேசியவருக்குச் செயலாளரே போன் செய்தார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கும் அந்தப் பேச்சு இல்லை.

இரண்டாவது தடவை படத்தை அனுப்பியபோது, விடுபட்டதைத் தெரிவிக்கச் சொல்லும் வரியை நீக்கிவிடும்படி கேட்டேன். செயலாளர் நீக்கினார். அப்படியும் இரண்டு பேர் இனிஷியல் தவறு என்று கூப்பிட்டார்கள். இரண்டும் உண்மையிலேயே தவறுதான், திருத்தினேன். படம் கறுப்புக் கல் பலகையில் வெள்ளை எழுத்தாகச் செதுக்கப்பட்டு மதுரையிலிருந்து வைக்கோல் சுற்றி வந்தது. இறக்கும்போது ஒரு மூலை சற்று உடைந்தது. அந்த மூலையில் யாருடைய பெயரும் இல்லை.

குடமுழுக்கு நாளில் மண்டபத்தில் நல்ல கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் பலகையில் தங்கள் பெயரைத் தேடி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெயர் கிடைக்காதவர்கள் என்னைத் தேடினார்கள்; ஒருவர் தவிர மற்றவர்கள் தவறான கிளையில் தேடியிருந்தார்கள். அந்த ஒருவர் என் பிழை. அவர் தம்பியைப் போட்டு அவரை விட்டிருந்தேன். பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

தம்பி மனைவி பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். மகள் அப்போது நிறைமாதம். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்து, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெங்களூரிலிருந்து வந்த ஓர் உறவுக்காரப் பெண், மூன்று தலைமுறை தள்ளிய பங்காளி வீட்டு மருமகள், பலகையைப் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றாள். பெற்ற அம்மா, பெற்ற அப்பா என்று மட்டும் இருந்த இரண்டு கட்டங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவள் யார் என்று தெரியாமல், "இது யாரு? பேரு போடாம விட்டுருக்காகளே" என்று கேட்டாள்.

நான் இரண்டு மூன்று ஆள் தள்ளி நின்றிருந்தேன். தலையிடவில்லை.

"எங்க மகளைப் பெத்தவக" என்றாள் தம்பி மனைவி. "பேரு தெரியாது."

"அப்ப நீங்க?"

"நான் இங்கன இருக்கேன்." தன் கட்டத்தைக் காட்டினாள்.

அந்தப் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தவளையும் பார்த்தாள். தம்பி மனைவி அடுத்த கேள்விக்குக் காத்திருக்கவில்லை. மகள் நாற்காலியிலிருந்து எழ முயல்வதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வழி விடுங்க, பிள்ளைத்தாச்சி வெளிய போகணும்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.